ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ‘வீட்டைக் காலி பண்ணுங்க’ என்றால்: வாடகைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டு நகரங்களில் முதல்முறையாக வாடகைக்குக் குடியேறுகிறவர்களிடம் இரண்டு எண்ணங்களைப் பார்க்கலாம். வீட்டு ஓனர் நினைத்தால் அடுத்த மாதமே கிளப்பிவிடலாம் என்று சிலர் பயந்துகொண்டே இருப்பார்கள். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, 11 மாதத்துக்கு யாரும் அசைக்க முடியாது என்று வேறு சிலர் இருப்பார்கள். இரண்டுமே தப்பு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதும் வீட்டைத் திரும்பக் கேட்க ஓனருக்குச் சட்டம் சில காரணங்களைக் கொடுத்திருக்கிறது. அந்தக் காரணங்களுக்கு வெளியே எதைச் சொன்னாலும் அது வேண்டுகோள்தான், உத்தரவு ஆகாது. காரணம் சரியாக இருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் சாமானில் கைவைக்க முடியாது.

இது தெரியாததால், போகத் தேவையில்லாத நேரத்தில் பிள்ளைகளின் பள்ளியை மாற்றிக்கொண்டு அவசரமாக வீடு மாறுகிற குடும்பங்கள் நிறைய. கட்டாயம் பதில் சொல்லியிருக்க வேண்டிய நோட்டீஸை அலமாரியில் போட்டு வைத்து வழக்கில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கீழே உள்ளதை வரிசையாகப் படியுங்கள்.

முதல் படி: எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் பெரியவர்கள் இன்னும் ‘ரென்ட் கன்ட்ரோல்’ என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது 1960ஆம் ஆண்டுச் சட்டம். அது இப்போது இல்லை. அதன் இடத்தில் நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை, எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும், இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

அரசுக்குச் சொந்தமான கட்டடங்களும், கம்பெனி தன் ஊழியருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் குடியிருப்பும் இந்தச் சட்டத்துக்குள் வராது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் ‘லீசுக்கு’ இருப்பவர்கள் தங்கள் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் தனியாகக் காட்டிவிடுவது நல்லது. அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள்

புதியவர்கள் எல்லோரிடமும் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். வீட்டைத் திரும்பக் கேட்க ஓனருக்கு இருக்கும் காரணங்களில் ஒன்று, சட்டம் சொல்கிறபடி எழுத்து மூலமான ஒப்பந்தம் இரு தரப்புக்கும் இடையே இல்லை என்பதே. வாடகை பாக்கி ஒரு ரூபாய் கூட இல்லை, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டாரோடு ஒரு சண்டை கிடையாது. இருந்தாலும் ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த ஒரு காரணத்தின் பேரில் உங்கள் மேல் மனு போட முடியும். ‘நம்பிக்கையான ஆளு, பேப்பரெல்லாம் எதுக்கு’ என்று ஓனர் சொல்லும்போது கேட்க இதமாக இருக்கும். இடர் உங்கள் பக்கம்தான் அதிகம்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால்தான் 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் வந்தது. ஆனால் வாடகைச் சட்டம் கேட்கும் பதிவு வேறு. அது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு. 11 மாதமானாலும் சரி, 3 ஆண்டானாலும் சரி, அது தேவை. இதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தம், இருவரின் அடையாள அட்டை, வீட்டின் விவரம் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். ‘அதான் முத்திரைத்தாள்ல எழுதி, நோட்டரி சீலும் வச்சாச்சே’ என்பது இதற்கு ஈடாகாது. பதிவு செய்ய வேண்டிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் அதைச் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

ஓனர் ஒப்பந்தம் போட இழுத்தடித்தால், வாடகை, அட்வான்ஸ், குடிவந்த தேதி எல்லாம் குறிப்பிட்டு ஒரு வரைவை வாட்ஸ்அப்பிலாவது மெயிலிலாவது அனுப்பி வையுங்கள். தட்டிக்கழித்தது நீங்கள் இல்லை என்பதற்கு அது ஆதாரம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் புதுப்பிக்காமல் அதே வீட்டில் தொடர்ந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் நீடிப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் 6 மாதம்தான். அதற்குள் புதுப்பிப்பதா, கிளம்புவதா என்று பேசி முடித்துவிடுங்கள். உத்தரவு வந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தால் வாடகையை மடங்குக் கணக்கில் இழப்பீடாகக் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாம் படி: காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

படிக்கட்டில் வைத்துச் சொன்னது, தரகர் மூலம் சொல்லியனுப்பியது எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ‘சரிங்க சார், என்ன காரணம்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க, வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்ததும், அது சட்டத்தின் 21ஆவது பிரிவில் இருக்கும் காரணங்களில் எதற்குள் வருகிறது என்று பாருங்கள். ஒப்பந்தமின்மை பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மற்றவை இவை.

வாடகை பாக்கி. இதுதான் அடிக்கடி வருவது. இரண்டு மாத வாடகையும் சேரவேண்டிய மற்ற கட்டணங்களும் நிலுவையில் இருந்து, ஓனர் எழுத்து மூலம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, அது கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் வட்டியோடு முழுதாகக் கட்டவில்லை என்றால் அது காரணமாகிறது. அந்த ஒரு மாதத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் அதை வைத்து உங்களை வெளியேற்ற உத்தரவிட முடியாது. பாதி கட்டிவிட்டு ‘மிச்சம் அடுத்த மாசம்’ என்பது உதவாது. இந்தச் சலுகை ஒவ்வொரு தடவையும் கிடைக்காது. ஒருமுறை தப்பித்தவர் அதன் பிறகு ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி நிறுத்தினால் அதே வாய்ப்பைக் கேட்க முடியாது.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீது கேட்பது உங்கள் உரிமை, ஓனரை அவமதிப்பதாகாது. யுபிஐயில் அனுப்பும்போது குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். சில ஓனர்கள் காலி செய்ய வைக்க வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுப்பார்கள், வங்கிக் கணக்கு எண்ணையே மாற்றிவிடுவார்கள். வாங்கவில்லை என்று நீங்களும் சும்மா இருந்துவிட்டால் இரண்டு மாதத்தில் நீங்கள் பாக்கிதாரர். மணியார்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பாருங்கள். அப்போதும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் அந்தத் தொகையைச் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க’ என்று நீங்களாக முடிவு செய்து வாடகையை நிறுத்துவதும் இதே வலையில் கொண்டுபோய் விடும். ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அப்படிச் செய்யுங்கள்.

வீட்டை வேறொருவர் கையில் கொடுத்தல். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விட்டால், அல்லது மொத்தமாக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அது காரணம். நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கும் இளைஞர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இருக்கிறவர் வேலை மாறிப் பெங்களூர் போய்விடுவார், அவர் இடத்தில் ஒரு நண்பர் வருவார், அவர் இன்னொருவரைக் கூட்டி வருவார். ஒரு கட்டத்தில் ஒப்பந்தக்காரர் யாருமே அந்த வீட்டில் இருக்கமாட்டார். குடியிருக்கும் எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆள் மாறும்போது ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்குவது, தங்கை பரீட்சைக்குப் பத்து நாள் இருந்துவிட்டுப் போவது இதில் சேராது. வீடு உங்கள் வசம்தானே இருக்கிறது.

வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல். ஓனர் முதலில் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால்தான் காரணம். வாடகைக்கு விடாத இடத்தை ஆக்கிரமிப்பது, பொதுமக்களுக்குத் தொல்லை தருவது, கட்டடத்துக்குச் சேதம் செய்வது, சட்டவிரோதக் காரியம் செய்வது போன்றவை இதில் வரும். மொட்டை மாடி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாதபோது அங்கே ஷெட் போடுவது, ஏசி மாட்ட அனுமதி கேட்காமல் சுவரை உடைப்பது எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது. இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் உடனே நிறுத்தி, நிறுத்திவிட்டேன் என்று போட்டோவோடு எழுதி அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

இடித்துக் கட்டுதல், பெரிய மராமத்து. ஆள் உள்ளே இருந்தால் செய்யவே முடியாத வேலை என்றால் மட்டுமே இது பொருந்தும். சுண்ணாம்பு அடிக்கவும் குழாய் மாற்றவும் வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை. பழைய பிளாட்களை பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவது சென்னையில் தெருவுக்குத் தெரு நடப்பதால், பழைய கட்டடத்தில் குடிபோகும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் நீங்கள் திரும்பி வரலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதை நம்பி நகராதீர்கள். மறுபடி குடியேறும் உரிமை இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால்தான் நிற்கும்.

சொந்தத் தேவை. ‘பையனுக்குக் கல்யாணம், இந்த வீட்டுல வைக்கப்போறோம்’ என்ற வகை. ஓனருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ குடியிருக்க வீடு தேவைப்பட்டால் சட்டம் அதை ஏற்கிறது. என் பார்வையில் இது நியாயமான காரணம்தான். தன் வீட்டில் தான் குடியிருக்க ஆசைப்படுவதில் தவறில்லை. வருத்தம் என்னவென்றால், கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் பிடிக்க நினைக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். உண்மையா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் என்ன என்று யோசியுங்கள். அதே கட்டடத்தில் வேறு போர்ஷன் காலியாகக் கிடக்கிறதா? கடந்த மாதம்தான் வாடகையை உயர்த்தச் சொல்லி, நீங்கள் மறுத்தீர்களா? அந்த மெசேஜ் இருக்கிறதா? இவற்றை நீதிமன்றத்தில் சொல்லலாம். வீட்டில் ஒரு பகுதி கிடைத்தாலே போதும் என்று ஓனர் ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதிக்கு மட்டும் உத்தரவிடவும் நீதிமன்றத்தால் முடியும். தேவை உண்மையானதுதான் என்று தெரிந்தால் சண்டைக்குப் போகாமல், பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேட்டு வாங்குவதே குடும்பத்துக்கு நல்லது.

நீங்களே கொடுத்த நோட்டீஸ். இது பலருக்குத் தெரியாது. நீங்கள் காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஓனர் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பிறகு நீங்கள் மனம் மாறினால் அவருக்குப் பெரிய பாதிப்பு. அப்போது வீட்டை ஒப்படைக்கும்படி அவர் கேட்கலாம். ஆகவே கோபத்தில் ‘அடுத்த மாசம் காலி பண்ணிடுறோம்’ என்று மெசேஜ் தட்டாதீர்கள். அடுத்த வீடு உறுதியான பிறகு எழுதுங்கள்.

நான்காம் படி: காரணமே ஆகாதவற்றைப் பிரித்துப் பாருங்கள்

வீட்டை விற்கப் போகிறோம் என்பது மேலே சொன்ன சூழல் தவிரத் தனியாக ஒரு காரணம் இல்லை. வீடு கைமாறினால் புது ஓனர் பழைய ஓனரின் இடத்தில் வந்து நிற்கிறார், உங்கள் ஒப்பந்தம் அவரையும் கட்டும். புது ஓனரின் பெயர், வங்கிக் கணக்கு, அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதாத வாடகை உயர்வுக்கு நடுவில் நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதும் காரணம் இல்லை. கறி சமைக்கிறீர்கள், நீங்கள் இன்ன சாதி, இன்ன மதம் என்று இப்போதுதான் தெரிந்தது, கணவர் வெளியூரில் இருக்கிறார், இரவுப் பணி முடிந்து தாமதமாக வருகிறீர்கள் என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. இப்படிச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கிளப்புவதை வழக்கம் என்று ஏற்றுக்கொள்ளவே கூடாது.

குடியிருந்தவர் இறந்துவிட்டால் குடும்பம் அன்றே வெளியேற வேண்டியதும் இல்லை. மீதி ஒப்பந்தக் காலத்துக்கு அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது.

ஐந்தாம் படி: வக்கீல் நோட்டீஸ் வந்தால்

முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். தபால்காரரிடம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் இல்லாமல் போய்விடாது. மறுத்தீர்கள் என்று உறையின் மேலேயே குறிப்பு எழுதப்பட்டு, அதுவே எதிராளிக்கு ஆதாரமாகும். கையில் கிடைத்த தேதியை உறையிலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. ‘15 நாளில் காலி செய்யாவிட்டால் நடவடிக்கை’ என்று காரமாக எழுதியிருக்கும். அந்த நடவடிக்கை என்பது வாடகை நீதிமன்றத்தில் மனு போடுவதுதான். ஆனால் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். பாக்கி என்று சொன்னால் கட்டிய விவரத்தோடு பதில். உள்வாடகை என்று சொன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரத்தோடு பதில். ஒரு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

ஆறாம் படி: வாடகை நீதிமன்றம்

பேச்சு முறிந்தால் ஓனர் போக வேண்டிய இடம் இது. காவல் நிலையம் இல்லை, கவுன்சிலர் வீடும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காவலர் உங்களுக்கு உத்தரவிட முடியாது, இது சிவில் விவகாரம்.

சம்மன் வந்தால் குறித்த நாளில் போய் நில்லுங்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும், அதை நீக்கக் கோரி அலைவது பெரும்பாடு. வழக்கு நடக்கும்போது வாடகையை ஒரு மாதம் கூட நிறுத்தாதீர்கள். ‘கேஸ் நடக்குதே, எதுக்குக் கட்டணும்’ என்று நிறுத்தியவர்கள், நல்ல வாதம் கையில் இருந்தும் பாக்கியால் தோற்கிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஒப்பந்தமும் பதிவு எண்ணும், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸும் அதற்கு நீங்கள் கொடுத்த பதிலும், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி. போனை மாற்றும்போது பழைய மெசேஜ்களை இழந்துவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை, அது உங்களுக்காகவே இருக்கும் அலுவலகம்.

தீர்ப்பு எதிராக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு குறுகியது, அதனால் தீர்ப்பின் நகலுக்கு அன்றைக்கே மனு போட்டுவிடுங்கள். மேல்முறையீடும் இல்லை, நீங்களும் காலி செய்யவில்லை என்றால் நீதிமன்றமே அமீனாவை (உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரை) அனுப்பி வீட்டை எடுத்துக் கொடுக்கும். அந்த நிலை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏழாம் படி: கரண்ட், தண்ணீர், பூட்டு

வழக்கு நீளும் என்று தெரிந்த சில ஓனர்கள் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். மோட்டாரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது, நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவது. சட்டத்தின் 20ஆவது பிரிவு இதை நேரடியாகத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவும் துண்டிக்கக் கூடாது, வேறொருவர் மூலமும் துண்டிக்கக் கூடாது. உங்களிடம் வாடகை பாக்கி இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது.

அப்படி நடந்தால் தேதி, நேரம் தெரிய வீடியோ எடுங்கள். ஓனருக்கு ஒரு மெசேஜ் போட்டு நடந்ததை அப்படியே எழுதுங்கள், திட்டாமல். பிறகு வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே வசதியை மீட்டுத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. சாமானைத் தூக்கி வெளியே போட்டாலோ, மிரட்டினாலோ, பூட்டை உடைத்தாலோ 100க்கு அழையுங்கள். அது இனி வாடகைத் தகராறு மட்டும் அல்ல. பதிலுக்கு நீங்கள் பூட்டை உடைப்பதும் கைகலப்பில் இறங்குவதும் வேண்டாம். உங்கள் பக்கம் இருக்கும் பலம் அங்கேயே போய்விடும்.

காலி செய்வதென்று முடிவானால்

காரணம் சரிதான் என்று பட்டாலோ, நிம்மதி வேண்டும் என்று கிளம்பினாலோ, போகும் தேதியையும் அட்வான்ஸ் திரும்பும் தேதியையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட், சுத்தம் என்று மொத்தமாக ஒரு தொகையைக் கழித்தால் எதற்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள்.

சாமான் ஏற்றிய பிறகு ஒவ்வோர் அறையையும், மின் மீட்டர் எண்ணையும் படம் எடுங்கள். கடைசி மின் கட்டணம் கட்டிய ரசீதைக் கொடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக ஓனரிடம் எழுதி வாங்குங்கள். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால் ஒப்பந்தம் முடிந்த விவரத்தையும் தெரிவியுங்கள். ஓனர் ஊரில் இல்லை, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னால், அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்து, கொடுத்த உடனே ‘சாவியை இவரிடம் கொடுத்துவிட்டோம்’ என்று நேரத்தோடு பதில் போட்டுவிடுங்கள். வாடகை எந்த நாளோடு நின்றது என்ற கேள்வி வந்தால் அந்தப் பதில்தான் பேசும்.